வார்ப்பையும் கடைசலையும் ஒரே கோப்பில் வாழவைத்தவருக்கு

அளவுகளின் அரசியே, அவசரக்காரர்களின் அச்சமே, அன்புக்குரிய பெய்-ஜுன் அக்கா அவர்களே! தைச்சுங் பம்ப் ஆலையின் வடிவமைப்புப் பிரிவிலிருந்து விடைபெறும் தங்களை, தாங்கள் திட்டித் திருத்திய நாங்கள் தலைநிமிர்ந்து வாழ்த்துகிறோம்.

தாங்கள் வந்தபோது எங்கள் கணினிகள் கிடந்த கிடையைச் சபையில் சொல்ல வெட்கமில்லை. வார்த்தெடுத்த பம்ப் உறைக்கு ஒரு கோப்பு, இயந்திரத்தில் கடைந்த உறைக்கு அதன் நகல், துளையிட்ட உறைக்கு நகலின் நகல். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குத் தெரியாது. கணினி சண்டித்தனம் செய்யாதிருக்க, நம்மூர் வழக்கப்படி அதன்மேல் பச்சைத் தின்பண்டப் பொட்டலம் வைத்துக் கும்பிடுவோமே தவிர, கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க மாட்டோம்.

மணிலா வாடிக்கையாளர் உறையின் விளிம்பைத் தடிப்பாக்கச் சொன்னார். மேலாளர் லாய் கடைசல் கோப்பை மட்டும் திருத்திவிட்டு, வார்ப்பாலைக்குப் பழைய படத்தையே அனுப்பக் கிளம்பினார். தாங்கள் குறுக்கே நின்று, மூன்று நிலைகளையும் ஒரே கோப்பில் கட்டித் தருவதாகச் சொன்னீர்கள்.

“கப்பலுக்கு நாள் குறிச்சாச்சுக்கா. வழிய விடுங்க.”

“வார்ப்புல இல்லாத இரும்ப எங்கேருந்து கடைவீங்க, மேனேஜர்? உங்க தொப்பையிலேருந்தா?”

“எல்லா நிலையையும் ஒரே ஃபைல்ல கட்டுறேங்கிறீங்க. கப்பல் தவறிட்டா யார் பதில் சொல்றது?”

“நான்தான். தவறிட்டா என் நாற்காலிய எடுத்துக்கங்க.”

வேலையையே பணயம் வைத்துத் தாங்கள் அமர்ந்தீர்கள். ஒரே கோப்பு, ஒரே உறை. துளைகளை மறைத்து, கடைவதற்கான கூடுதல் கனத்தைச் சேர்த்தால் அது வார்ப்பு; கனத்தை நீக்கினால் கடைசல்; துளைகளை மீண்டும் காட்டினால் முடிந்த உறை. விளிம்பை ஓரிடத்தில் தடிப்பாக்கியதும் மூன்றும் சேர்ந்து தடித்தன. உறைகள் கச்சிதமாகப் பொருந்தின, குறித்த கப்பலிலேயே ஏறின. லாய் பால் தேநீர் வாங்கி வந்து தங்கள் மேசையில் வைத்தார். அந்தக் காட்சியைக் கண்டது எங்கள் பாக்கியம்.

ஆனாலும் தங்களுக்கு ஒரு கவலை விடவில்லை. “நான் போனதும் பழையபடி நகல் எடுக்க ஆரம்பிச்சிடுவீங்க” என்று மதியச் சோற்றுப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் குத்திக்காட்டுவீர்கள்.

சென்ற வாரம் தாங்கள் விடுப்பில் இருந்தபோது, உறைக்குள் பேரிங் உட்காரும் குழியை அகலப்படுத்த அவசர ஆணை வந்தது. பதறிப்போய் ஒருவர் தங்களை அழைக்கக் கைப்பேசியை எடுத்தார். லாய் அதைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டு, “அக்கா நிம்மதியா இருக்கட்டும், நாமளே பாத்துக்கலாம்” என்றார். ஓரிடத்தில் மாற்றினோம். வார்ப்பும் மாறியது, கடைசலும் மாறியது, துளைகளும் இடம் பிசகாமல் உட்கார்ந்தன. ஒரு நகல்கூட எடுக்கவில்லை. தாங்கள் வென்றுவிட்டீர்கள், அக்கா.

நோயற்று, நிறைவுற்று, நெடுங்காலம் வாழ்க. இனி எங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பயப்படாமல் எடுங்கள். சாப்பிடக் கூப்பிடுவோமே தவிர, சந்தேகம் கேட்க மாட்டோம்.

மேலாளர் லாய்
மற்றும் வடிவமைப்புப் பிரிவினர்