டேப் ஒட்டிய ஐஸ் பெட்டி

எங்கள் வீட்டில் பெட்டி கட்டுவது எப்போதும் அவர்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கைத்தராசில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார். ஒரு பால் பவுடர் டின்னை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றுவார். மறுபடி தூக்கிப் பார்ப்பார். ஏர்போர்ட்டில் ஒரு நாளும் எங்களுக்கு எடை கூடியதில்லை. என் வீட்டுக்காரர் சிவசங்கரன் அவ்வளவு கவனமான மனுஷன்.

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணாகவே வந்தது நல்லதாகப் போயிற்று, ஹாலிதா. நான் சொல்வதை இந்தப் போலீஸ் அதிகாரிக்கு அப்படியே அரபியில் சொல்லிவிடுங்கள். எங்கள் பாஸ்போர்ட் என் வீட்டுக்காரர் படகுக்குள் எப்படிப் போனது என்று காலையிலிருந்து கேட்கிறார். அதற்குத்தான் வருகிறேன்.

உங்களுக்குத் தெரியாததா, பள்ளிக்கு லீவு விட்டதும் இங்கே பாதிக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிடும். வெயில் அப்படி. ஆண்கள் மட்டும் டியூட்டிக்காகத் தங்கிவிடுவார்கள். நானும் மகள் இளவேனிலும் வருஷா வருஷம் திருச்சிக்குப் போய் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு வருவோம். பாவம், மனுஷன் அங்கே தனியாக வெந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஊரில் சோறு இறங்காது.

சில வருஷத்துக்கு முன்னால், நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் இந்தப் படகை வாங்கினார். ஒல்லியாக, நீளமாக, நடுவில் சின்ன அறையோடு ரயில் பெட்டி மாதிரி இருக்கும். உம் அல் குவைன் பக்கம் சேற்றில் வளருகிற கண்டல் மரக் காட்டுக்குள் போகிற கால்வாயில் லீவு நாளில் தனியாக ஓட்டிக்கொண்டு போவார். இரண்டு பக்கமும் இடுப்பளவு சேறு, ஆள் நடமாட்டம் கிடையாது. என்னை ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லை. "உனக்கு வெயில் ஒத்துக்காது நளினி" என்பார். நானும் அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் பெட்டி கட்டும்போது இளவேனில்தான் சொன்னாள். "அம்மா, நோட்டிஸ் பண்ணியிருக்கியா? நம்ம பெட்டிய பேக் பண்றப்ப மட்டும்தான் அப்பா பாட்டு முணுமுணுக்கறார். ஹி இஸ் ஸோ ஹாப்பி." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். காது கொடுத்துக் கேட்டேன். உண்மைதான். என் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்தத் தடவை நாங்க போகலைங்க. இங்கேயே இருந்துடறோமே" என்றேன்.

"டிக்கெட் போட்டாச்சும்மா." தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க இல்லாம உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"நான் சமாளிச்சுக்குவேன். நீ கவலைப்படாம போயிட்டு வா."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் இல்லாமல் முடியாது என்று அவர் தவிக்க வேண்டும். அதற்குமேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் அவர் படகுக்குப் போனார். படகுக்கான டீசல் கேன் எப்போதும் எங்கள் பால்கனியில் இருக்கும். அவர் அதை எடுக்கிறதுக்கு முன்னால் அதில் பாதியை வேறு கேனில் ஊற்றி எடுத்துவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பாதி வழியில் என்ஜின் நின்றுவிடும் என்று தெரியும். தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்று அவரே ஒரு நாள் சொல்லியிருக்கிறார். உள்கால்வாய்க்குப் போக அவருக்கு அனுமதி கிடையாது. அபராதத்துக்குப் பயந்து வேறு யாரையும் கூப்பிட மாட்டார், என்னைத்தான் கூப்பிடுவார்.

தண்ணீர் பாட்டிலும் மோரும் ஐஸ் பெட்டியில் வைத்து, மூடி தளர்ந்திருப்பதால் டேப் ஒட்டிக் கொடுப்பது என் வழக்கம். அவர் திறந்து பார்க்காமல் தூக்கிக்கொண்டு போவார். ஊரில் உள்ள பெட்டியையெல்லாம் எடை பார்க்கிறவர், நான் கட்டித் தருவதை மட்டும் பார்த்ததே இல்லை. அன்று தண்ணீர் வைக்கவில்லை. தாகம் எடுத்தால் சீக்கிரம் கூப்பிடுவார் அல்லவா. கனம் குறையாமல் இருக்க ஓர் அரிசிப் பையை வைத்தேன். அதன்மேல் எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் வைத்தேன். நாங்கள் போகப் போவதில்லை என்று அவருக்கே புரியட்டும் என்றுதான்.

உச்சி வெயிலில் போன் அடித்தது. படகிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்தால் மணி நின்றுவிடும் என்று எடுக்கவில்லை. அடுப்பில் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தது. கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும், கிளம்பிவிடலாம் என்று இருந்தேன். கூப்பிட்டார். இன்னும் ஒரு தடவை என்று இருந்தேன். அது அடித்துக்கொண்டிருக்கும்போதே டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன்.

அப்புறம் போன் அடிக்கவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். கால்வாய்க் கரையில், ரோந்து வந்த உங்கள் ஆட்கள் அவரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

டாக்டர் வெயில் என்று எழுதியிருக்கிறாராம். வெயில் இல்லை, நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் இல்லாமல் எனக்கு மூச்சுவிடக்கூடத் தெரியவில்லை, ஹாலிதா.

ஒன்று மட்டும் இவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவருடைய போனை எப்போது திருப்பிக் கொடுப்பார்கள்? கடைசிவரை என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார், வேறு ஒருவரையும் கூப்பிடவில்லை. அதை இளவேனில் பார்க்க வேண்டும்.