ஆறாம் கட்டிலுக்கு ஒரு விரதம்

மோர் வாங்கிக் கொடுத்தீர்கள், ஏட்டய்யா, புண்ணியமாகப் போகும். விரதத்தில் எனக்கு நீர்மோரும் துள்ளுமாவும் போதும். சமயபுரத்து மாரியம்மாவே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடக்கும்போது நான் சோறு கேட்டால் நன்றாக இருக்காது.

நான் ராக்கம்மாள். ஐம்பத்தொன்றாம் வருஷத்திலிருந்து, பதினோரு வருஷமாக, பாலக்கரை முதியோர் விடுதியில் ஆயா. ஆறாம் கட்டில் அழகர்சாமி ஐயா ரயில்வே கார்டாக இருந்தவர். நீர் அடைத்துக்கொண்டதால் மூத்திரக் குழாய் போட்டிருந்தார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழாய் நுழையும் இடத்தைத் தினம் இரண்டு வேளை துடைக்க வேண்டும், பாட்டில் கட்டிலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். டாக்டரம்மா சொன்ன அத்தனையும் எனக்கு மனப்பாடம். "ராக்கு கை பட்டா வலியே தெரியலைங்க" என்று ஐயா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்க எனக்குப் பிடிக்கும்.

மாசிக் கடைசி ஞாயிறன்று அவர் உடம்பு தேற வேண்டித்தான் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டிய கையால் அந்த இடத்தைத் தொடலாமா, நீங்களே சொல்லுங்கள். பாட்டிலை மதுரைவீரன் கொட்டிவிடுவான், கூட்டிப் பெருக்குகிறவன். துடைப்பது மட்டும்தான் நின்றுபோனது.

இன்னொரு ஆயா வஹீதா வந்தாள். "அக்கா, நீங்க விரதம் இருங்க. இருபத்தெட்டு நாளும் நான் தொடச்சு விடறேன்" என்றாள். நல்ல பெண். அவளுக்கும் என்னைப் போல வலிக்காமல் துடைக்கிற கை, அதுதான் தொந்தரவு. "ஆறாம் கட்டில் என்னோடது. நீ உன் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான்.

பத்தாம் நாள் குளிர்ஜுரம் வந்தது. நாற்றத்துக்குக் கட்டிலில் வேப்பிலை செருகினேன். "தினம் துடைக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். விரதத்தில் பொய் பேசக் கூடாது. வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். ஜுர மாத்திரை எழுதிவிட்டுப் போனார்.

"ராக்கு, ஒரே ஒருக்கா தொடச்சு விடும்மா, எரியுது" என்று ஐயா கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் போய்விட்டார். குழாய் வழியாகச் சீழ் ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். துடைக்காமல் விட்டது நான், துடைக்க வந்தவளை விரட்டியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். அவர் போய்விட்டாரென்று விரதத்தைப் பாதியில் விட முடியாது. மீதி ஒன்பது நாளை எட்டாம் கட்டில் மயிலம்மாள் பேருக்கு வேண்டிக்கொண்டுவிட்டேன். நேற்றுதான் அவளுக்கும் குழாய் போட்டார்கள்.