குறுக்கே நிற்கும் காரைக் கூறு போடலாமா?

காருக்குள் அமர்ந்தபடியே இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, வேலைக்குப் போக வழியின்றி சந்தின் அந்தப் பக்கம் நிற்கும் பெரியோர்களே, வீட்டுக்குப் போக வழியின்றி இந்தப் பக்கம் நிற்கும் நண்பர்களே, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் தாய்மார்களே, கேஸ் கட்டரும் கையுமாகக் காத்திருக்கும் வெல்டர் தம்பியே, காரின் பானெட்டின்மேல் நின்று பேசும் பாக்கியம் பெற்ற நான், இதற்கு மோட்டார் பூட்டிய மெக்கானிக்கின் மாமனார், உங்களை வணங்குகிறேன்.

சீக்கிரம் முடிக்கவா? முடிக்கிறேன். கட்டரைத் தள்ளிப் பிடிப்பா, கால் சுடுது.

பழைய காரில் சக்தி எப்படிப் போகும்? எஞ்சின் கியர்பாக்ஸிடம் சொல்லும். கியர்பாக்ஸ் நீளத் தண்டிடம் சொல்லும். தண்டு அச்சிடம் சொல்லும். அச்சு சக்கரத்திடம் சொல்லும். பெரியம்மா சித்தியிடம் சொல்லி, சித்தி அத்தையிடம் சொல்லி வரும் சேதியாவது வழியில் வளரும். சக்தியோ வழியிலேயே தேயும்.

மோட்டார் பூட்டிய இந்தக் காரில் தூதுமில்லை, தரகுமில்லை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு மின்சார மோட்டார். சக்கரத்தின் நடுவிலே சின்னப் பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். மோட்டார் நடுவிலிருப்பதைப் படபடவென்று சுற்றும்; வளையம் நிதானமாய்ச் சுற்றும். குறைந்த வேகமெல்லாம் இழுவையாய்க் கூடும்.

அப்புறம் ஏன் குறுக்கே நிற்குதுன்னு கேட்பது யார்? கேளுங்கள். கடிகார முள்ளை முன்னால் நின்று பார்த்தால் ஒரு சுற்று. பின்னால் நின்று பார்த்தால் எதிர்ச்சுற்று. இடச் சக்கரமும் வலச் சக்கரமும் முதுகோடு முதுகு காட்டி நிற்பவை. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒயர் கொடுத்தால், ஒன்று முன்னே போகும், மற்றது பின்னே போகும். மெக்கானிக்கான என் மருமகள் அப்படித்தான் கொடுத்தாள். தலைவர் மிதித்தார். நின்ற இடத்திலேயே கார் பம்பரமாய்ச் சுழன்றது. மூக்கு இந்தச் சுவரில், முதுகு அந்தச் சுவரில்.

"எறங்குங்கண்ணே" என்று கெஞ்சினோம். "என் வீட்டு வாசல்லதான் எறங்குவேன்" என்றார் தலைவர். "அப்ப அவரோட சேர்த்தே ரெண்டா வெட்டிரலாம்" என்றான் வெல்டர் தம்பி. கைதட்டினீர்கள் ஐயா, கைதட்டினீர்கள்.

வெட்டினால் விழுவது காரா? என் மருமகள் பட்டறையல்லவா? நாளைக்கு அங்கே ஒரு சைக்கிளாவது வருமா?

"ஒயரை மாத்திரலாமாம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

"வேணாம் மாமா. இப்ப மாத்தினா நேராப் போயி செவத்தை இடிச்சிரும். அதே தப்பைப் பின்பக்கமா செய்யணும், ரிவர்ஸ் போட்டா எதிர்ப்பக்கமா சுத்தி நேராயிரும். வெளிய வந்தப்புறம் மாத்திக்கலாம்."

தப்பைத் திருத்துவார் உண்டு. தப்பை மறைப்பார் உண்டு. தப்பைத் தலைகீழாய்ச் செய்து தெருவைத் திறப்பார் உண்டா? ஒரே ஒரு முறை செய்து பார்க்க விடுங்கள். சம்மதமென்றால் கை தூக்குங்கள்.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாக் கையும். மாடியில் துடைப்பத்தோடு கை. தலைவர் கையும் ஜன்னலுக்கு வெளியே வந்துவிட்டது. தம்பி, நீ?

"செவத்துல கீறல் விழுந்தா நீங்கதான் பூசணும்."

பூசுகிறேன் தம்பி. தலைவரே, ரிவர்ஸ் போடுங்கள். மெல்ல, மெல்ல. அவையோரே, மூக்கு சுவரை விட்டது. என் முகம் உங்களைவிட்டுத் திரும்புகிறது, மனம் திரும்பவில்லை. நேராகிவிட்டது, காலை எடுங்கள் தலைவரே. அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வாருங்கள், இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போங்கள்.

முதுகுக்குப் பின்னால் பேசுவது யார், வெல்டர் தம்பியா? "என் வேனும் இந்த மாதிரி நின்ன எடத்துலயே திரும்புமா பெரியவரே?" திரும்பும் தம்பி, பட்டறைக்குக் கொண்டு வா. உங்களுக்கு முதுகைக் காட்டி நன்றி சொல்ல நேர்ந்ததைப் பொறுத்து, இந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.