வேலி தாண்ட வேண்டிய தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் யாரும் காகிதத்தைத் தூக்கிப் போடுவதில்லை. என் அப்பா ஈலம் ஆம்ஸ்டட்ஸ் 1973-இல் எடுத்த காப்பீட்டுப் பாலிசி, முப்பது வருடம் கழித்தும் சட்டை மடித்து வைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றில் அப்படியே இருந்ததற்கு அதுதான் காரணம். எங்கள் கடையால் பிறத்தியாருக்குச் சேதம் வந்தால் கம்பெனி ஈடு கொடுக்கும் என்று எழுதிய பாலிசி. நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

அப்பாவுக்கும், அவருக்குப் பின் எனக்கும், இண்டியானாவில் வாபாஷ் ஆற்றுக்குப் பக்கத்தில் டிரை கிளீனிங் கடை. துணி வெளுக்கும் திரவம் பழசாகிவிட்டால் கொல்லைப்புறச் சரளையில் ஊற்றுவோம். இதில் ஒளிவுமறைவு இல்லை. திரவத்தை விற்றவர்களே அப்படித்தான் சொன்னார்கள்: காய்ந்த தரையில் ஊற்று, காற்றோடு போய்விடும். அது மண்ணோடு போயிற்று.

2003-இல் என் மனைவி லூயெல்லாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. அடுப்பை எரியவிட்டுவிட்டுத் தெருவில் நடப்பாள். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் அவளைச் சேர்க்கக் கடையை விற்பதைத் தவிர எனக்கு வழியில்லை. வாங்க வந்தவரின் வங்கி மண்ணைத் துளைத்துப் பார்த்தது, அறிக்கையை என் கையில் கொடுத்தது, கடன் தர முடியாது என்று போய்விட்டது. திரவம் ஊறி விஷமாகிப்போன அந்த மண்ணைச் சுத்தம் செய்யத் தெருவையே விற்றாலும் போதாது. இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

அப்போதுதான் ரெனாட்டா போல் என்ற பெண்மணி வந்தார். பழைய பாலிசிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைக் கொண்டு மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் வாங்கித் தருவது அவர் தொழில். எங்கள் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மிஸ்டர் ஆம்ஸ்டட்ஸ், உங்க அப்பா கெட்டிக்காரர். இந்த மாதிரி இப்ப எவனும் எழுதித் தரமாட்டான். அன்னைக்கு ஊத்தினது இன்னைக்கு நகர்ந்தாலும் இந்தப் பாலிசிதான் பதில் சொல்லணும்."

"அப்போ நாளைக்கே சுத்தம் பண்ணிடலாமா?"

"அவசரப்படாதீங்க. இது அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்கு. உங்க மண்ணு கெட்டா அது உங்க பாடு. வேலியைத் தாண்டினாத்தான் கம்பெனி வாயைத் திறக்கும். இன்னொண்ணு, தெரிஞ்சே நடக்க விட்டீங்கன்னா ஒரு சல்லி வராது. பக்கத்துக் கிணத்தைச் சோதிக்கச் சொல்லட்டுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓபல் கின்டர் இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், கணவனை இழந்தவள், வாய் ஓயாதவள். ஊர்த் தண்ணீர்க் குழாய் என் கடையோடு நின்றுவிடும். அவள் வீட்டுக்கு ஆழ்குழாய்க் கிணறுதான்.

அவள் பேருந்து ஓட்டப் போயிருந்த ஒரு காலையில் அவளுடைய தோட்டக் குழாயில் ஒரு சீசா பிடித்து, வெளி மாநிலச் சோதனைக்கூடத்துக்கு வேறு பெயரில் அனுப்பினேன். தண்ணீர் சுத்தமாக இருப்பதாகப் பதில் வந்தது. அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சீசா. இரண்டாம் வருடம் கூரையிலிருந்து வரும் மழைநீர்க் குழாயைச் சரளைப் பக்கம் திருப்பி வைத்தேன். என் கூரை, என் குழாய், என் சரளை. மழை பெய்தது என் கையில் இல்லை. நான்காம் வருடம் தண்ணீரில் எங்கள் திரவம் ஒரு துளி தெரிந்தது. ஆனால் அரசு வைத்த வரம்புக்குக் கீழே. வரம்புக்குக் கீழே இருந்தால் கம்பெனி தட்டிக்கழித்துவிடும் என்று பயந்தேன். லூயெல்லாவுக்கு அதற்குள் என் பெயர் மறந்துவிட்டது. என்னால் காத்திருக்க மட்டுமே முடிந்தது.

இதற்கிடையே ஓபல் சனிக்கிழமைதோறும் வேலியோரம் காபியோடு நிற்பாள்.

"ஏன்யா வெர்னன், இருபது வருஷமா குடிச்ச காபி இப்ப திடீர்னு கசக்குதா?"

"டாக்டர் வேண்டாம்னுட்டார், ஓபல்."

"நீ டாக்டர் பேச்சைக் கேக்குற ஆளா? லூயெல்லா பேச்சையே கேட்டதில்ல. சரி, வெறும் வாயோட நிக்காத. உனக்குன்னு இஞ்சி சோடா வாங்கி வைக்கிறேன்."

வாங்கியும் வைத்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பாட்டில் சோடா குடிப்பேன், அந்தப் பக்கம் அவள் தன் காபியைக் குடிப்பாள். அவளோடு பேசினால் மனசு லேசாகும். எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஏழாம் வருடம் அளவு வரம்பைத் தாண்டியது. இன்னும் ஒரு வருடம் பொறுத்தேன், கம்பெனி தட்டிக்கழிக்க முடியாத அளவுக்கு அது ஏறட்டும் என்று. பிறகு மாநில அலுவலகத்துக்குப் பெயர் போடாத ஒரு கடிதம் போயிற்று. அதை எழுதியது நான்தான். அவர்கள் வந்து கிணற்றை மூடினார்கள். ஓபல் நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மனசைப் போட்டு அலட்டிக்காத வெர்னன். உங்கப்பா காலத்துச் சமாச்சாரம், உனக்கு என்ன தெரியும்? உன்மேல கேஸ் போடணுமாம், அப்பத்தான் உன் பாலிசி பேசுமாம். போட்டுடறேன், கோவிச்சுக்காதே."

அவள் வழக்குப் போட்டாள். எனக்கு எதுவும் தெரியாது என்று பைபிள்மேல் கைவைத்துச் சொன்னேன். கம்பெனி கொடுத்தது. மண்ணைத் தோண்டி எடுத்துப் புது மண் போட்டார்கள், இப்போது புல் முளைத்திருக்கிறது. கடை விலைபோனது. இல்லத்தில் லூயெல்லாவுக்கு ஜன்னலோர அறை.

ஓபலுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. பதினான்கு மாதம் இருந்தாள். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். குழாயைத் திருப்பியது நான், காத்திருந்தது நான், சத்தியம் பண்ணியது நான். ஆனால் அவள் தண்ணீரில் ஆபத்து இருந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இதை மட்டும் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

அடக்கம் முடிந்த பிறகு அவளுடைய அண்ணன் மகள் ஒரு பெட்டி இஞ்சி சோடாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அத்தை உங்களுக்குன்னு வாங்கி வச்சது" என்றாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றை எடுத்துக் குடித்தேன். மூடி யாரும் தொடாமல் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.