வேறு வழி

பாறசாலையில் ஏறிய அக்காளும் தம்பியும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"அப்பாவ ரண்டு தடவ அடக்கம் செய்ய வேண்டி வந்துட்டே, மக்கா," என்றாள் அக்கா.

தம்பி வக்கீல். சாலை போடும் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் இடையே சட்ட வேலை பார்ப்பவன் என்று பேச்சில் தெரிந்தது.

"கல்லறைத் தோட்டம் வழியா ரோடு வருது. அப்பாவுக்க கல்லறைய மாத்த நான் முதல்ல சம்மதிக்காம மத்த குடும்பங்கள்ட்ட எப்படி அக்கா கேக்க?"

"ரோட்டுக்கு வேற வழியே இல்லியாலே?"

"உண்டு. கம்பெனிக்குச் செலவு கூடும்."

பஸ் நெய்யாற்றின்கரையில் நின்றது. அக்கா அவன் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"அம்மைட்ட இத சொல்லாத. அவ, வேற வழி இல்லாததுனாலயாக்கும் எனக்க மவன் சம்மதிச்சான்னு சபையில எல்லாரிட்டயும் சொல்லீட்டு நடக்கா."