வதந்திக்குச் சரிந்த நாணயம்

இந்த அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் ஓடுகிறது. வங்கியில் என் தலைக்கு மேல் இருந்தது கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். யாரிடம் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே நான் பொருளாதார ஆய்வாளன். நம் நாணயத்தின் மதிப்பு ஏறுமா இறங்குமா என்று வாராவாரம் எழுதித் தர வேண்டும். ஏற்றுமதி, வட்டி, அரசின் டாலர் கையிருப்பு எல்லாவற்றையும் அலசித்தான் எழுதுவேன். முதலீட்டாளர்களோ மந்திரி இருமினால் விற்பார்கள், சிரித்தால் வாங்குவார்கள். என் கணக்கு பொய்த்துப்போகும். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

டாலர் வியாபாரத்தைக் கவனித்தவனுக்கு 'ஒலிபெருக்கி' என்று பட்டப்பெயர். அவன் வாயில் எதுவும் தங்காது. ஒரு நாள் என் அறிக்கையை மடித்து, ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார். மார்க்கெட் கணக்கப் பாக்காது, மூஞ்சியத்தான் பாக்கும்" என்றான்.

அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. லிஃப்டில் அவனோடு தனியாக இருந்தபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அரசாங்கத்துகிட்ட டாலர் காலியாம். வெளிய சொல்லிடாதீங்க" என்றேன். பச்சைப் பொய்.

மதியத்துக்குள் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று டாலராக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் ஓடினார்கள். பயத்தில் நாணயம் விழுந்தது. விழுந்ததைப் பார்த்துப் பயம் கூடியது. சில நாளில் தானாக நிமிரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நிமிரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அத்தான் போன் செய்தார். அக்காவின் கணவர். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் வடிகட்டிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து மருத்துவமனைக்குக் கொடுப்பவர்.

"மாப்ள, வெல எகிறிடுச்சு. வீட்ட வித்தாவது சரக்க எடுக்கவா? இல்ல, இது வெறும் புரளியா?"

"பொறுங்க அத்தான். எறங்கிடும்."

பொறுத்தார். மறுபடி போன் செய்தார். "வடிகட்டி தீந்துபோச்சுடா. டாக்டருங்க பாதிப் பேரத் திருப்பி அனுப்புறாங்க."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நாணயம் அன்றே மீண்டிருக்கும். ஆனால் அது என் வாய் வார்த்தைக்காக மீண்டதாகிவிடும். கணக்குக்காக மீள வேண்டும். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வீட்டிலேயே இறந்துபோகிறார்கள் என்று தெரிந்த பிறகும்.

வதந்தி பற்றிப் போலீஸ் விசாரணை என்றதும் ஒலிபெருக்கி என் பெயரையும் சொல்லிவிட்டான். அக்கா நேரே அலுவலகத்துக்கே வந்து நின்றாள்.

"பொய்னு உனக்கு மொதல்லயே தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உங்கள் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

ஆம், பொய்யைக் கிளப்பியவன் நான்தான். எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்கிறீர்கள். நான் நாணயத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நான் பிடிபட்ட செய்தி பரவியதும் அது பழைய மதிப்புக்கே திரும்பிவிட்டது என்கிறீர்கள். செய்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் கணக்குப்படி எப்படியும் இன்று அது ஏறியிருக்கும்.