குலுக்கலில் விழாத படகு

— இன்னொரு தடவை பாருங்க லமார். கொரீன் டோல்பர்ட். ஏதாவது டோல்மன் பேர்ல போய் ஒட்டிக்கிட்டிருக்கும்.

— மூணு தடவை பாத்துட்டேன் மேடம். குலுக்கல்ல உங்களுக்கு விழுந்தது பூசணிக்காய் படம் போட்ட சட்டைப் பின்னு. மேக்னோலியா படகுப் பின்னு விழல.

— பூசணிக்காயை யார் கேட்டா?

— நீங்கதான். அஞ்சாவது விருப்பம்னு போட்டிருக்கீங்க.

— அஞ்சாவதுல எல்லாரும் எதையாவது போட்டு வைக்கிறதுதான். அதையெல்லாமா நம்புவீங்க? இருநூறு பின்னு அடிச்சுட்டு, பின்னு சேர்க்கிற ஆயிரம் பேரை ஆர்லாண்டோவுக்குக் கூப்பிட்டா, இது விழாவா தண்டனையா?

— முன்னாடி வந்தவங்களுக்கு முதல்லனு வச்சிருந்தோம் மேடம். வாசல்ல கூடாரம் போட்டாங்க. கடைசி வருஷம் ஒரு பல் டாக்டர் இன்னொரு பல் டாக்டரைக் கடிச்சுட்டார். அதுக்கப்புறம்தான் குலுக்கல்.

— என் கதை வேற லமார். என் வீட்டுக்காரர் டுவைட் இந்தப் பூங்காவுல அந்தப் படகை ஓட்டினவர். வயசெல்லாம் அதுலயே போச்சு. போன மாசம் அதைப் பிரிச்சு இரும்புக்குப் போட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் அவருக்கு ஓய்வு விருந்து. படகுப் பின்னை என் கையால அவர் சட்டையில குத்துவேன்னு நாத்தனார்கிட்ட வேற பெருமையடிச்சு வச்சிருக்கேன்.

— கஷ்டமாத்தான் இருக்கு. வேணும்னா என் கழுத்துப் பட்டையில இருந்து ஒண்ணு மாத்திக்கிறீங்களா?

— தவளை, ஐஸ்கிரீம், மறுபடி தவளை. இன்னொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டுத் தொங்குது. ஒழுங்கா மாட்டக்கூடத் தெரியல.

— அது இந்த வருஷத்து விளையாட்டு மேடம். கேட்டாத்தான் திருப்பிக் காட்டலாம்.

— எனக்கு விளையாட நேரமில்ல.

— பட்டை போட்ட ஊழியர்கிட்ட யார் எந்தப் பின்னைக் குடுத்தாலும் மாத்திக்கணும். மாட்டேன்னு சொல்ல முடியாது.

— எனக்கே விதி சொல்றீங்களா? நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது, நாங்க சொல்லலாம். நேத்து ஒருத்தர் என் பட்டையில இருக்கற குட்டிப் படகைக் கேட்டுக் கெஞ்சினார், யாருக்கோ பரிசாம். முகத்துக்கு நேரா மாட்டேன்னுட்டேன். சரி, மேலதிகாரி எங்க?

— பிரெட்சல் ரொட்டி வாங்கப் போயிருக்கார். மேடம், இந்தப் பட்டையை ஒரு தடவை நல்லாப் பாருங்களேன்.

— ஆட்டாதீங்க, அந்தச் சத்தமே எரிச்சலா இருக்கு. மிச்சப் படகுப் பின்னு எங்க வைப்பீங்க?

— மிச்சம் கிடையாது. ரெண்டே ரெண்டு ஊழியருக்குக் குடுத்தோம், அவ்வளவுதான்.

— எந்த ஊழியர்?

— சொல்லக் கூடாது மேடம். கேட்டா காட்டலாம்.

— அதைத்தானே கேக்குறேன்!

— இல்ல, நீங்க மேலதிகாரியைக் கேக்குறீங்க.

— குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். தம்பி, அந்த முதுகு காட்டுற பின்னு என்னது, கொஞ்சம் திருப்புறீங்களா?

— தாராளமா சார். இதோ.

— அடடா, மேக்னோலியா! இந்த நத்தைப் பின்னுக்குத் தருவீங்களா?

— மாட்டேன்னு சொல்ல முடியாது சார். இந்தாங்க.

— லமார்! அது உங்க கழுத்துலயா தொங்கிக்கிட்டிருந்துச்சு?

— காலையிலிருந்து மேடம்.

— ஐயா, நில்லுங்க. அதை எனக்குக் குடுத்துடுங்க. பூசணிக்காய் எடுத்துக்கோங்க. வேண்டாமா, முழுப் பட்டையும் கழட்டித் தரேன்.

— அட, நேத்து குட்டிப் படகு கேட்டப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட அம்மாதானே நீங்க?

— அது நேத்து. இந்தாங்க, அந்தக் குட்டிப் படகும் உங்களுக்குத்தான்.

— இல்லம்மா, கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா தர முடியாது. நான் போன வருஷம்தான் படகுத்துறையில சேர்ந்தேன், வேலை கத்துக் குடுத்த மனுஷனுக்கு இன்னைக்கு சாயங்காலம் ஓய்வு விருந்து. விருந்துல அவர் சட்டையில நானே குத்திவிடணும். டுவைட்னு பேரு, உங்களுக்குத் தெரிய நியாயமில்ல.